முந்நூறு மீட்டர்

ரீகா வளைகுடாவில் கடல் ஏறுவதுமில்லை, வற்றுவதுமில்லை.
எஸ்தோனியக் கரையில் எங்களுக்கு எல்லாம் காற்றுதான்.
வடக்கிலிருந்து அடித்த இரவின் மறுநாள்
வெளிச்சம் வருமுன்பே வலை கனத்துத் தொங்கும்.

அக்டோபர் ஒன்பது.
எழுநூற்றுப் பன்னிரண்டு பறவைகள்.
உர்மாஸ் எழுதினான்.
நான் பைக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் மொழியில் அதற்குக் கட்டைவிரல் பையன் என்று பேர்.
உச்சந்தலையில் மஞ்சள் கோடு.
ஊதிப் பிரித்தால் உள்ளே நெருப்பு தெரிந்தது,
அப்படியானால் ஆண்.
கழுத்தை இரண்டு விரலுக்கு நடுவே விட்டு
கையை மூடாமல் மூட வேண்டும்.
இதற்கு எனக்கு இரண்டு இலையுதிர்காலம் பிடித்தது.
முதலாவதில் ஒன்று என் உள்ளங்கையிலேயே
கண்ணை மூடிக்கொண்டது.
பதிவேட்டில் அதற்கும் ஒரு குறி உண்டு.

வயிற்று இறகை ஊதினேன்,
தோலுக்கடியில் கொழுப்பு: நான்கு.
போலந்து வரைக்கும் தாங்கும்.
பழைய ஃபிலிம் டப்பாவில் தலைகீழாய்ச் செருகி
எடை: ஐந்து புள்ளி இரண்டு.
உர்மாஸ் தன் காபியில் இதைவிட அதிகம் சர்க்கரை போடுகிறான்.
இடுக்கியில் வளையம். ஒரு கடி.
எட்டு எட்டு நான்கு ஒன்று சைபர் ஏழு.

சுவரில் ஒரு வட்டத் துளை உண்டு, விடுவதற்கு.
கையை வெளியே நீட்டி விரித்தேன்.
விரித்த கையில் உட்கார்ந்தே இருந்தது,
விட்டாயிற்று என்று அதற்கு யாரும் சொல்லாததுபோல்.
பிறகு கை மட்டும்.
மொத்தம் நாற்பது விநாடி.
அடுத்தது.

அன்றிரவே ஆந்தை வலை.
ஒலிபெருக்கியில் ஆண் ரோமக்கால் ஆந்தையின் குரல்,
காலிப் புட்டியின் வாயில் ஊதுவதுபோல்,
ஊர் முழுக்கத் தூங்க, மணிக்கணக்காக.
பத்தரைக்கு ஒருத்தி வந்து மாட்டினாள்.
எதற்கோ ஆச்சரியப்பட்டு அப்படியே நின்றுவிட்ட முகம்.
என் பெருவிரல் மூட்டில் நகத்தை இறக்கினாள்.
நூற்று எழுபத்தொரு கிராம்.
அவளுக்கும் வளையம்.
வயது என்ற கட்டத்தில் என் ரத்தம் சொட்டியது,
உர்மாஸ் அதைச் சுற்றி எழுதினான்.

ஏப்ரல் ஐந்து. வலைப்பாதை முழுக்கச் சேறு.
ஸ்ப்ரூஸ் மரத்தடியில் கம்பம் நடக் குனிந்தால்
சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை, ஆந்தை கக்கியது.
பிய்த்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு.
எலி மயிர். எலித் தாடை, மஞ்சள் பற்களோடு.
பட்டாணித் தோல்போல் ஒரு மண்டையோடு.
நூலாய் ஒரு கால், அதில்
எட்டு எட்டு நான்கு ஒன்று சைபர் ஏழு.
ஒரு கீறல்கூட இல்லை.

அவள்தானா? தெரியாது.
ஆந்தை தன் பெயரைக் கக்குவதில்லை.
உர்மாஸ் எதுவும் சொல்லாமல்
கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவினான்,
ஓரம் வரைக்கும், மிகவும் கவனமாக.
அந்த நாற்பது விநாடி
அதற்கு எங்கே தேவைப்பட்டதோ.
அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

படிவத்தை நிரப்பினேன்.
தூரம்: சுவர்த் துளையிலிருந்து அடியளந்து நடந்தேன்,
முந்நூறு மீட்டர்.
கழிந்த நாட்கள்: நூற்று எழுபத்தெட்டு.
இதில் எத்தனை பறவையுடையவை,
எத்தனை வளையத்துடையவை என்று கேட்க
அதில் கட்டமில்லை.

மூன்றாம் நாள் தலைமையகத்திலிருந்து கடிதம்.
அன்புள்ள ஹெல்வே, தூரத்தில் பிழை தெரிகிறது.
கிலோமீட்டராக இருக்கலாம். சரிபார்க்கவும்.

மீட்டர்தான் என்று எழுதினேன்.
வளையத்தை அட்டையில் ஒட்டி உறையிலிட்டு
தபால் நிலையத்துக்கு நடந்தேன்.
அங்கிருந்த பெண் தராசில் வைத்துப் பார்த்தாள்,
முள் நகரவில்லை.
இந்த எடைக்கெல்லாம்
ஒரே கட்டணம்தான் என்றாள்.